அட்டவணை 7.3

1974 ஏப்ரல் பதினேழாம் தேதி காலை, நீரியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள்:

பேராசிரியர் வாஞ்சிநாதன், உள் தேர்வாளர்.
பேராசிரியர் வெங்கிடராமன், வெளித் தேர்வாளர். திருச்சூரிலிருந்து வந்தவர். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்.
முத்துராமலிங்கம், ஆய்வக மெக்கானிக்.
செல்லப்பா, இறுதியாண்டு சிவில் மாணவன்.
மேஜைமேல் ஒரு புத்தகம். வாஞ்சிநாதன் எழுதியது, மூன்றாம் பதிப்பு.

இந்தப் பட்டியலை வாஞ்சிநாதன் அன்றைக்கு எழுதவில்லை. ஒன்பதரை வருஷம் கழித்து, 1983 நவம்பரில், ஆறாம் பதிப்பின் அச்சுப்படி ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். புத்தகத்தையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னது அதுதான்.

வாஞ்சிநாதன் பாலக்காட்டுக்காரர். அவருடைய அப்பா கொச்சி அரசாங்கத்தில் குமாஸ்தாவாக வந்து, மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு வீடு வாங்கினார். மதராஸில் படித்த நான்கு வருஷத்தைக் கழித்தால் மகன் அந்த வீட்டை விட்டு எங்கும் போனதில்லை. காலை ஏழு நாற்பது படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் கலூருக்கு அப்பால் இருந்த பொறியியல் கல்லூரி, மாலையில் அதே பஸ், அதே படகு. இருபத்தேழு வருஷம் இப்படிப் போனது. நடுவில் அவர் செய்த ஒரே பெரிய காரியம் அந்தப் புத்தகம்.

வகுப்புக் குறிப்புகளாகத்தான் அது ஆரம்பித்தது. மாணவர்கள் நகல் எடுத்துக் கிழித்துப் போட்டதைப் பார்த்து ஒழுங்காக எழுதினார். 1966-ல் மதராஸில் ஒரு பதிப்பகம் அச்சடித்தது. பிறகு நான்கு மாநிலங்களில் பாடமாக வைத்தார்கள். பசங்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கடையில் போய் "வாஞ்சி இருக்கா?" என்று கேட்பார்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். நல்ல புத்தகம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மற்றவர்கள் மூன்று பக்கம் சுற்றி வளைத்துச் சொல்வதை வாஞ்சிநாதன் அரைப்பக்கத்தில் சொல்வார். குழாயில் ஓடும் தண்ணீர் எங்கே சோர்ந்துபோகும், எங்கே வேகமெடுக்கும் என்பதை அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

ஆனால் பாடப்புத்தகம் என்பது பாடப்புத்தகம்தான். அதில் இருந்த சூத்திரங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தவை, கணக்குகள் பழைய வினாத்தாள்களில் வந்தவை. வாஞ்சிநாதனுக்கே சொந்தமானது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் மூன்றாவது அட்டவணை.

விஷயம் எளிது. ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே, மேல் விளிம்பில் ‘வி’ எழுத்து மாதிரி வெட்டிய இரும்புத் தகடு ஒன்றை நிறுத்துவார்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சூத்திரம் சொல்லிவிடும். சூத்திரம் அதிகமாகச் சொல்லும். அதைத் திருத்த ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் அந்தக் குணகம் 0.59 என்று இருந்தது. 1965-ல் வாஞ்சிநாதன் தன் கையால் மூன்று நாள் அளந்து பார்த்தார். 0.65 வந்தது.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளைக்காரன் ஊரில் தண்ணீர் குளிர்ந்தது, நம் ஊரில் சூடு, அதனால் வித்தியாசம் என்று ஒரு பத்தி எழுதினார். தண்ணீரின் உயரம் கூடக் கூடக் குணகம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கும் ஒரு விளக்கம் யோசித்து இன்னொரு பத்தி எழுதினார். அந்த இரண்டாவது பத்தி பிற்பாடு ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் பல்கலைக்கழக வினாத்தாளில் ஏழு தடவை வந்தது.

செல்லப்பாவுக்குச் சீட்டுக் குலுக்கலில் அந்தப் பரிசோதனைதான் விழுந்தது. அவன் 0.59 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார் வாஞ்சிநாதன்.

"அளந்தேன் ஸார்."

"ஜீரோ எப்படி எடுத்தே?"

உயரத்தை அளக்க முதலில் வெட்டின் அடிமுனை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஜீரோ. தண்ணீரை மெல்ல வடிய விட்டு, வெட்டின் வழியாகச் சொட்டுவது நின்றதும், அப்போது நிற்கும் மட்டத்தை ஜீரோவாக எடு என்று புத்தகம் சொன்னது.

"அளவு ஊசியை வெட்டோட மூலையில தொட்டு வெச்சு, மட்டப்பலகை போட்டு எடுத்தேன் ஸார்."

"புஸ்தகத்துலே அப்படியா இருக்கு?"

"இல்ல ஸார்."

வெங்கிடராமன் மேஜைமேல் இருந்த புத்தகத்தைத் திருப்பி அட்டவணையைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். முத்துராமலிங்கம் குழாயின் மரையை இறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"முறை தப்பு, விடையும் தப்பு" என்றார் வாஞ்சிநாதன். ஐம்பதுக்குப் பதினாறு.

செப்டம்பரில் செல்லப்பா மறுபடி வந்தான். மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தான், இது ஒன்றுதான் பாக்கி. சீட்டில் மறுபடி அதே பரிசோதனை. மறுபடி 0.59. இந்தத் தடவை வாஞ்சிநாதன் சிரித்தார். "இவனுக்கு மட்டும் தண்ணி வேறே மாதிரி ஓடறது" என்று புதிய வெளித் தேர்வாளரிடம் சொன்னார். அவரும் சிரித்தார். இந்தத் தடவை பதினான்கு. அதற்குப் பிறகு செல்லப்பா கல்லூரிப் பக்கம் வரவில்லை. வாஞ்சிநாதனும் அவனை மறந்துவிட்டார். திமிர் பிடித்தவன் என்ற ஒரு வார்த்தை மட்டும் எங்கோ தங்கியிருந்தது.

பதிப்பகத்திலிருந்து 1983-ல் கடிதம் வந்தது. ஆறாம் பதிப்பு முழுக்க மீட்டர் அளவில் இருக்க வேண்டும், அடி, அங்குலம் எதுவும் கூடாது. வாஞ்சிநாதனுக்கு மார்ச்சில் ஓய்வு. இந்தப் பதிப்பே கடைசி என்று அவருக்குத் தெரியும். மற்ற எண்களை உட்கார்ந்த இடத்தில் மாற்றினார். அட்டவணை 7.3-ஐ மட்டும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. சொந்த அளவுகள், புதிதாக அளந்தே போடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறக்கச் சொன்னார்.

முத்துராமலிங்கம் தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். அவன் ராமநாதபுரத்துக்காரன். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"சார், ஜீரோ எப்படி எடுக்கணும்?" என்று கேட்டான். "புஸ்தகத்துல இருக்கற மாதிரியா, உள்ளபடியா?"

வாஞ்சிநாதன் அவனைப் பார்த்தார். "என்னடா கேக்கறே?"

"இல்ல சார், புஸ்தகத்துக்குன்னா சொட்டு நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், நேரமாகும். அதான் கேட்டேன்."

"உள்ளபடின்னா என்ன?"

முத்துராமலிங்கம் தண்ணீரை வடிய விட்டான். சொட்டுவது நின்றது. "குனிஞ்சு பாருங்க சார். பக்கவாட்டுலேருந்து."

வாஞ்சிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெட்டின் அடிமுனையில் தண்ணீர் நின்றிருந்தது. ஆனால் முனையோடு நிற்கவில்லை. இரும்பைப் பிடித்துக்கொண்டு, கீழே விழ மனமில்லாமல், முனைக்கு மேலே குண்டாகத் திரண்டு நின்றது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். விளிம்பு வரை ஊற்றிய சாயா, கிளாஸுக்கு மேலே கொஞ்சம் எழும்பி நின்று வழியாமல் இருக்குமே, அந்த மாதிரி.

ஜீரோ இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் எல்லா உயரமும் இரண்டு மில்லிமீட்டர் குறையும், குணகம் கூடும். தண்ணீர் தாழ்வாக இருக்கும்போது அந்த இரண்டு பெரிய விஷயம், உயரும்போது சின்ன விஷயம். அதனால்தான் உயரம் கூடக் கூடக் குணகம் குறைந்தது. வெயிலும் இல்லை, சூடும் இல்லை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை இதுதான். ஏழு தடவை கேட்டும் ஒரு மாணவன்கூட இதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் சுழித்திருப்பார்.

முதுகு வலிக்கும் வரை அவர் குனிந்தே இருந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எழுபத்தொண்ணுல, தகட்டைச் சாணை பிடிச்சு மாட்டினப்ப. உங்ககிட்ட சொன்னேன் சார். ‘நீ ஸ்பேனரைப் பாரு’ன்னீங்க."

"பசங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும் சார். ஒருத்தனுக்கு 0.62 வரும், ஒருத்தனுக்கு 0.68 வரும். சொட்டு எப்ப நிக்குதுன்னு ஆளுக்கு ஒரு மாதிரி பாப்பாங்கல்ல. கடைசில 0.65ன்னு எழுதிருவாங்க. ‘வாஞ்சி சொன்னா தண்ணி கேக்கும்’னு ஒரு பேச்சே இருக்கு."

"அந்த செல்லப்பா..."

"என்கிட்ட கேட்டான். ஊசி வெச்சு எடுக்கறதை நான்தான் காட்டினேன்." முத்துராமலிங்கம் துணியில் கையைத் துடைத்தான். "அன்னிக்கு நான் வாயைத் திறக்கல. எனக்கு வேலை வேணும் சார். ரெண்டு பொண்ணு."

அன்று ஊசியை வைத்து மூன்று தடவை அளந்தார்கள். மூன்று தடவையும் 0.59 வந்தது.

படகில் அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மட்டாஞ்சேரி வரை நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் மனைவி ஜெயலக்ஷ்மி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்லப்பான்னு ஒரு பையன். இந்த ஊர்க்காரன்தான். படகுலே வருவான்" என்றார்.

"மூக்கம்மா பிள்ளையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இஞ்சி கிளீன் பண்ணப் போவாளே, திருநெல்வேலிக்காரி. அவ வந்து வாசல்லே நின்னாளே. ரெண்டாம் தடவை அவன் தோத்தப்போ. நீங்க உள்ளே ப்ரூப் பார்த்துண்டிருந்தேள், நாலாம் பதிப்பு. யார் வந்தாலும் ஆத்துலே இல்லைன்னு சொல்லச் சொல்லியிருந்தேள். சொன்னேன். ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போனா."

"என்கிட்ட சொல்லலையே."

"எதுக்கு? சொன்னா மார்க் போட்டிருப்பேளா?"

அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

"அவ போயிட்டா, மூணு வருஷமாச்சு. பையன் இங்கேயேதான் இருக்கான். இஸ்மாயில் சேட்டு பாண்டிகசாலையிலே வாட்ச்மேனாக்கும்."

அன்றைக்குத்தான் அச்சுப்படியின் பின்பக்கத்தில் அந்தப் பட்டியலை எழுதினார். யாருக்கெல்லாம் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். முத்துராமலிங்கத்துக்குத் தெரியும், பசங்களுக்குத் தெரியும், ஜெயலக்ஷ்மிக்குப் பாதி தெரியும். தெரியாமல் இருந்தது புத்தகத்துக்கும் அவருக்கும்தான்.

பேசாமல் எண்களை மாற்றிவிடலாம் என்ற யோசனை வராமல் இல்லை. எல்லா எண்ணும் அடியிலிருந்து மீட்டருக்குப் போகிறது, யார் பழைய பதிப்பை வைத்து ஒப்பிடப் போகிறார்கள்? இரண்டு பத்தியை எடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் செல்லப்பாவை அப்படி எடுத்துவிட முடியாது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டதால் விதிப்படி அவனுக்கு இனித் தேர்வெழுத வழியில்லை. அன்றைய உள் தேர்வாளர், வேலையில் இருக்கும்போதே, மறுபரிசீலனை கேட்டு எழுதினால் ஒருவேளை பல்கலைக்கழகம் யோசிக்கலாம். மார்ச்சுக்குப் பிறகு அவர் எழுதினால் அது ஓய்வுபெற்ற கிழவரின் கடிதம்.

கடிதம் எழுதினார். மாணவனும் கையெழுத்துப் போட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு டிசம்பர் முதல் வாரம் ஒரு சாயங்காலம் யூதர்கள் இருந்த ஜூ டவுன் பக்கம் போனார்.

இஸ்மாயில் சேட்டின் கிடங்கு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னால் தெரு, பின்னால் காயல், கடலோடு சேரும் உப்பங்கழி. உள்ளே நுழைந்ததும் மிளகுத்தூள் மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டார். மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு, பிச்சை என்ற மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"சாமிக்கு மிளகு வேணுமா? சில்லறையா நாங்க குடுக்கறதில்ல."

"செல்லப்பாவைப் பார்க்கணும்."

"அடேய் எஞ்சினீயர், ஒன்னைத் தேடி ஆள் வந்திருக்கு" என்று பிச்சை உள்ளே குரல் கொடுத்தார். "ஆறு மணிக்கு முன்னாடி பேசி முடிச்சிருங்க சாமி. பூட்டிட்டுப் போகணும்."

"அவர் வாட்ச்மேன்தானே? அவர் பூட்டிக்க மாட்டாரா?"

"வாட்ச்மேனை உள்ளே விட்டு வெளியே பூட்டறதுதான் சேட்டு வழக்கம். ஒரு தடவை மூட்டை காணாமப் போச்சு, அன்னையிலேர்ந்து. சாவி சேட்டு வீட்டுக்குப் போயிரும். காலையில ஆறு மணிக்குத் திறப்போம்."

"தீ பிடிச்சா?"

"பின்னாடி காயல் இருக்கில்ல. அவனுக்கு நீந்தத் தெரியும்."

செல்லப்பா வந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். அவரை அவனுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்க ஸாரே. பின்னாடி போய்ப் பேசலாம், அங்கே தும்மல் வராது."

பின்வாசல் நேராகக் காயலில் இறங்கியது. வாசலின் மரத்தூணில் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி, நேரம். கோடுகள் சீராக, பென்சிலால் எழுதிய எண்களோடு, படியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் போயின.

"என்ன இது?"

"வேலியேற்றம் ஸார். வெள்ளம் எவ்வளவு ஏறுதுன்னு. அமாவாசை, பௌர்ணமிக்குக் கூடுதலா வரும். முன்கூட்டித் தெரிஞ்சா அடியில இருக்கிற சாக்கைத் தூக்கி வெச்சிரலாம்."

வாஞ்சிநாதன் தூணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜீரோ எது?"

"வாசற்படியோட மேல்விளிம்பு. அதுக்கு மேல வந்தாத்தான் எனக்கு வேலை." பிறகு, "ஸார் அதைக் கேக்கத்தான் வந்தீங்களோ?" என்றான்.

அவர் சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். புத்தகத்தில் அரைப்பக்கத்தில் எழுதுகிறவர் இங்கே மூன்று பக்கம் பேசினார். செல்லப்பா குறுக்கே பேசாமல் கேட்டான். கடிதத்தைக் கொடுத்ததும் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் படித்தான். ஓர் இடத்தில் நின்றான்.

"‘அளவுக் கருவியில் இருந்த குறைபாடு காரணமாக’" என்று வாசித்தான். "கருவியில என்ன குறைபாடு ஸார்?"

"அது ஒரு வார்த்தை. ஆபீஸுக்கு எழுதறச்சே அப்படித்தான்..."

"கருவி நல்லாத்தானே இருந்தது. முத்துராமலிங்கம் அண்ணன் வாரா வாரம் எண்ணெய் போட்டு வெச்சிருந்தாரு. அந்தக் கருவியில அளந்துதானே எனக்குச் சரியா வந்தது."

"செல்லப்பா, கடிதம் வேலை நடக்கறதுக்காக்கும். உனக்குப் பட்டம் கிடைக்கணும்னா..."

"கருவி கெட்டுப்போயிருந்துதுன்னு எழுதினா, நானும் கெட்ட கருவியிலதான் அளந்தேன்னு ஆகும். அப்ப எனக்கு 0.59 வந்தது அதிர்ஷ்டம்." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "இதுல நான் ஒப்புப் போட மாட்டேன் ஸாரே."

"ஒரு வார்த்தைக்காகவா?"

"ரெண்டு தடவை நீங்க ஒரு எண்ணுக்காகத்தான் தோக்கடிச்சீங்க. 0.65ன்னு எழுதியிருந்தா நான் அன்னைக்கே பாஸ். என் அம்மை அதைத்தான் சொன்னா. ‘ஸார் சொல்றதை எழுதிட்டு வந்தா என்னடா’ன்னு."

முன்வாசலிலிருந்து பிச்சை சாவிக்கொத்தை ஆட்டும் சத்தம் கேட்டது.

வாஞ்சிநாதன் கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். வாட்ச்மேனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று ஜெயலக்ஷ்மியிடம் சொன்னார். அவள், "வாட்ச்மேனா ஆக்கினது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கோபம் நாலைந்து நாள் இருந்தது. அது கரைந்த பிறகுதான் அடியில் இருந்தது தெரிந்தது. தவறாக அளந்ததுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை, யாருக்கும் நேர்வது அது. அளந்தபோது வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் தனக்கும் வித்தியாசம் வந்ததும், எங்கே பிழை என்று தேடாமல், ஆஹா என்று குதித்தாரே, அங்கேதான் வலித்தது. ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பார். தனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் அதைக் காவல் காக்க உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷம் காவல். அவரையும் யாரோ உள்ளே விட்டு வெளியே பூட்டினாற்போலத்தான், ஆனால் சாவி அவர் மடியிலேயே இருந்தது.

பதிப்பகத்துக்கு எழுதினார். புத்தகத்தின் முதலில் ஒரு திருத்தப் பக்கம் வேண்டும். முந்தைய ஐந்து பதிப்புகளில் அட்டவணை 7.3 தவறு, எப்படித் தவறு, யார் தவறு என்று அதில் இருக்கும். பத்தாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். எண்களைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் தனிப் பக்கம் வேண்டாம், புத்தகத்தின் பெயர் கெட்டுவிடும், கல்லூரிகள் பாடத்திலிருந்து எடுத்துவிடக்கூடும், மீட்டர் மாற்றத்தோடு மாற்றமாக இதுவும் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் மனதில் வந்த அதே யோசனை, வேறு ஒருவர் தட்டச்சில் வந்தபோது படிக்க அசிங்கமாக இருந்தது.

திருத்தப் பக்கம் இல்லையென்றால் ஆறாம் பதிப்பு இல்லை என்று ஒரு வரியில் பதில் போட்டார். ஜனவரி கடைசி வரை சத்தமில்லை. பிறகு ஒரு நாள், கடிதம் எதுவும் வைக்காமல், அந்தப் பக்கத்தின் அச்சுப்படி மட்டும் தபாலில் வந்தது.

அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போனார். ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. பிச்சை மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"சாமி மறுபடியுமா? ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்காதீங்க, எனக்கு வைப்பீனுக்கு போட் புடிக்கணும்."

"பத்து நிமிஷம் போதும்."

"புரொபசருங்க பத்து நிமிஷம்னா எனக்குத் தெரியும். எம் பொண்ணும் காலேஜ்ல படிக்கா."

செல்லப்பா மூட்டைகளை எண்ணிவிட்டு வந்தான். வாஞ்சிநாதன் இந்தத் தடவை எதுவும் பேசவில்லை. அச்சுப்படியையும் புதிய கடிதத்தையும் நீட்டினார். செல்லப்பா நின்றுகொண்டே படித்தான்.

அச்சுப்படியில் பதினோரு வரிகள் இருந்தன. நூலாசிரியர் ஜீரோ மட்டத்தைத் தவறாக எடுத்தார். தண்ணீர் வெட்டின் முனையைப் பற்றிக்கொண்டு நிற்பதை அவர் பார்க்கவில்லை. 1971-ல் ஆய்வக மெக்கானிக் திரு. முத்துராமலிங்கம் சுட்டிக்காட்டியபோது கேட்கவில்லை. 1974-ல் சரியாக அளந்த மாணவர் ஒருவரை இரண்டு முறை தோல்வியடையச் செய்தார். இனி 0.59 என்று எழுதும் மாணவருக்குத் தேர்வாளர்கள் முழு மதிப்பெண் தர வேண்டும்.

"என் பேரு இல்ல" என்றான் செல்லப்பா.

"உன்னைக் கேக்காம போடக்கூடாதுன்னு விட்டேன். வேணும்னா சேர்க்கலாம், இன்னும் நேரம் இருக்கு."

"வேண்டாம் ஸார். நாலு மாநிலத்துல பசங்க படிப்பாங்க. தோத்தவன்னு பேர் எதுக்கு? அண்ணன் பேரு இருக்கட்டும். அவருக்குக் காட்டினீங்களா?"

"காட்டினேன். ‘திரு’ போட்டிருக்கீங்களேன்னு கேட்டான்."

செல்லப்பா முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு கடிதத்துக்கு வந்தான். கருவி என்ற வார்த்தை அதில் இல்லை. ‘என் பிழை காரணமாக’ என்று இருந்தது. அந்த வரியை இரண்டாவது முறையும் படித்தான்.

"இதைப் பார்த்து யூனிவர்சிட்டி சம்மதிக்குமா?"

"தெரியாது. சம்மதிக்கணும்னு ஒண்ணும் இல்லை. சம்மதிச்சாலும் சும்மா பாஸ் போட மாட்டா. மறுபடி வந்து பரிசோதனை பண்ணணும்பா."

"எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது."

"தெரியும்."

"எஞ்சினீயர் வேலைக்கு வயசும் போயாச்சு."

"அதுவும் தெரியும். நான் ஒண்ணும் தரேன்னு சொல்லலை, செல்லப்பா. எடுத்தது நான்னு சொல்றேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

தெருவில் ஒரு கைவண்டி கடகடவென்று போனது. செல்லப்பா பிச்சையின் மேஜைக்குப் போய், அங்கே கிடந்த பேனாவை எடுத்தான்.

"எஞ்சினீயர், அது சேட்டோட பேனா" என்றார் பிச்சை.

"ஒரு ஒப்புதானே. மை தீர்ந்துராது."

கடிதத்தின் கீழே, அவன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டான். இங்கிலீஷில், கல்லூரியில் போட்ட அதே கையெழுத்து. வாஞ்சிநாதனுக்கு அது ஞாபகம் இருந்தது. விடைத்தாளின் மூலையில் பார்த்தது. மை காயும்வரை ஊதிவிட்டு நீட்டினான்.

"அச்சுப்படியை நான் வெச்சுக்கட்டுமா? உள்ளே லைட் இருக்கு."

"வெச்சுக்கோ. எனக்கு இன்னொண்ணு இருக்கு."

"வரச் சொன்னா வருவேன் ஸார். சீட்டுல அதே பரிசோதனை வந்தா அதே எண்தான் எழுதுவேன்."

"எழுது."

ஆறு அடித்தது. பிச்சை சாவிக்கொத்தோடு எழுந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார், பின்வாசல் பக்கத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தார். "கிளம்புங்க சாமி, கிளம்புங்க." வாஞ்சிநாதன் தெருவில் இறங்கினார். கதவின் ஒரு பாதி ஏற்கெனவே சாத்தியிருந்தது. மறுபாதியின் இடைவெளியில் செல்லப்பா நின்றிருந்தான்.

"ஸாரே, இன்னைக்குப் பௌர்ணமி. வெள்ளம் கூடும். போட் ஜெட்டிப் பக்கம் போனா ஓரமா நடங்க" என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தான். பிச்சை கதவை இழுத்துச் சாத்தினார், குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டார், பூட்டை மாட்டிச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார், பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.